வெறும் ஏடிபி மட்டும் அல்ல

அன்புள்ள தங்கைக்கு,

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புரதம் நுழைய "ஏடிபி தேவை" என்று உன் ஆய்வேட்டில் ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்த வரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அங்கே செலவாவது இரண்டு வகை ஆற்றல்: உட்சவ்வின் மின்னழுத்தமும், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியும்.

மனித மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏ உருவாக்குவது 13 புரதங்களை மட்டுமே. மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வெளியே, சைட்டோசால் என்ற செல் திரவத்தில் தயாராகி வருபவை. மாட்ரிக்ஸ் என்ற உள்ளறைக்குப் போகும் பெரும்பாலானவற்றின் முனையில், நேர்மின் சுமையுள்ள முன்தொடர் (உள்ளே போனதும் வெட்டப்படும் முகவரிச் சீட்டு) ஒன்று இருக்கும். பொதுவாக 15 முதல் 50 அமினோ அமிலங்கள். வெளிச்சவ்வின் டாம்40 துளையைத் தாண்டி உட்சவ்வின் வாசலான டிம்23-க்கு வந்ததும், உட்சவ்வின் மின்னழுத்தம் (உட்புறம் எதிர்மின், ஏறத்தாழ 150 மில்லிவோல்ட்) அதை உள்ளே இழுக்கிறது. மீதிச் சங்கிலியை உள்ளே கொண்டுபோவது அந்த வாசலின் உட்புறம் டிம்44 என்ற புரதத்தைப் பற்றி நிற்கும் ஹெச்எஸ்பி70 என்ற துணைப்புரதம். மாட்ரிக்ஸின் ஏடிபி அங்கேதான் செலவாகிறது. அது இழுக்கிறதா, பின்னோக்கி நழுவாமல் பிடித்துக்கொள்கிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இப்போது, மின்னழுத்தத்தைச் சரித்தால் இறக்குமதி நிற்கிறதா என்று பார்க்கும் உன் சோதனைக்கு வருவோம். மின்னழுத்தத்தைச் சரிக்கும் வேலினோமைசினை 1 மைக்ரோமோலார் மட்டும் போட்டால் போதாது. மின்னழுத்தம் சரிந்தால் வழக்கமாக ஏடிபி தயாரிக்கும் நொதியான ஏடிபி சிந்தேஸ் தலைகீழாக ஓடி, மாட்ரிக்ஸின் ஏடிபியைத் தின்றுவிடும். இறக்குமதி நின்றது எதனால் என்று சொல்லவே முடியாது. ஏடிபி சிந்தேஸை அடைக்கும் ஒலிகோமைசினும், சுவாசச் சங்கிலியை அடைக்கும் ஆன்டிமைசினும் சேர்த்தே போடு. பஃபரில் பொட்டாசியம் குளோரைடு 80 மில்லிமோலார் இருக்கட்டும்: வேலினோமைசின் கடத்துவது பொட்டாசியத்தை, வெளியே அது குறைந்தால் மின்னழுத்தம் சரியாமலே நிற்கும்.

எதிர்ப்பக்கச் சோதனைக்கு, அதாவது மின்னழுத்தம் இருக்க ஏடிபியை மட்டும் நீக்குவதற்கு, ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவில் சுவாசச் சங்கிலிக்கு எரிபொருளாக என்ஏடிஹெச் கொடுத்து மின்னழுத்தத்தைக் காப்பாற்று; ஒலிகோமைசினும், ஏடிபியைச் சிதைக்கும் நொதியான அபிரேஸும் ஏடிபியைத் தீர்த்துவிடும். பாலூட்டி மைட்டோகாண்ட்ரியா வெளியிலுள்ள என்ஏடிஹெச்சை நேரடியாக எரிக்காது, அதற்கு வேறு எரிபொருளான சக்சினேட் கொடு.

ஜெல்லில் சிறிய பட்டை (முன்தொடர் வெட்டப்பட்ட புரதம்) தெரிந்ததும் இறக்குமதி முடிந்தது என்று எழுதிவிடாதே, இதுதான் எனக்குப் பெரிய கவலை. டிஹெச்எஃப்ஆர் என்ற நொதியை வாலில் இணைத்த புரதத்தை, அந்த நொதியோடு இறுகப் பிணையும் மெதோட்ரெக்சேட் மருந்தால் இறுக்கினால், மடிந்த பகுதி வெளியே மாட்டிக்கொள்ளும். முன்தொடர் மட்டும் நீண்டிருந்தால் மாட்ரிக்ஸை எட்டி வெட்டுப்படும். பட்டை சிறியதாகத் தெரியும், ஆனால் புரதம் பாதி வழியில் நிற்கும். வெளியே நிற்கும் புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ் கே நொதியை 50 மைக்ரோகிராம்/மி.லி. போட்டு, பனிக்கட்டியில் 15 நிமிடம் வைத்து, அந்த நொதியைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் போட்டு நிறுத்து. அதன் பிறகும் தப்பிய பட்டைதான் கணக்கு.

ஒரு விதிவிலக்கு: இரு சவ்வுகளுக்கும் நடுவிலுள்ள சவ்விடைவெளிக்குள், அங்குள்ள மியா40 என்ற புரதத்தின் வழியே போகும் சிறு புரதங்களுக்கு மின்னழுத்தம் தேவையில்லை. அவற்றில் ஒன்றையும் அதே சோதனையில் சேர்த்து ஓட்டு. வேலினோமைசின் போட்ட குழாயிலும் அது நுழைந்தால், மைட்டோகாண்ட்ரியா பொதுவாகக் கெட்டுவிடவில்லை என்று துணிந்து எழுதலாம்.

அன்புடன்,
அண்ணன்