மாதம் ஒரு லட்சம் என்று எழுதியிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய இலக்குப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாதம் ஒரு லட்சம், வாரம் இரண்டு புது கிளையன்ட், தினமும் இன்ஸ்டாகிராமில் ஒரு போஸ்ட், ஆறு மாதத்தில் மோஷன் கிராஃபிக்ஸ் என்கிற அசையும் டிசைன் கற்பது, அதோடு விடிகாலை ஐந்து மணிக்கு உடற்பயிற்சி. சென்னை வேலையை விட்டுவிட்டு மதுரைக்கு வந்து சொந்தமாக டிசைன் வேலை தொடங்கியிருக்கிறாய், பார்க்கிறவர்கள் எல்லாம் இப்போது என்ன வருமானம் என்று கேட்கிறார்கள், அம்மா வாய்விட்டுக் கேட்பதில்லை என்றாலும் அந்தக் கவலை வீட்டில் இருந்துகொண்டே இருக்கிறது. இந்த நிலைமையில் யாருக்கும் பெரிதாக ஏதாவது எழுதி வைத்துக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலில் எது உன் கையில் இருக்கிறது, எது அடுத்தவர் கையில் இருக்கிறது என்று பிரித்துப் பார். இந்த மாதம் லட்சம் வருவதும் வராததும் கிளையன்ட் எப்போது பணம் போடுகிறார் என்பதைப் பொறுத்தது. வாரம் நாலு பேருக்கு உன் வேலையின் மாதிரியோடு கொட்டேஷன் அனுப்புவது முழுக்க உன் கையில். மாத இலக்காக இந்த இரண்டாவதை வை. வருமானத்துக்கு வருஷக் கணக்குதான் சரிப்படும்.

அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று சொல்கிறேன், ஒரு நோட்டை எடுத்துக்கொள். வீட்டுக்கு மாதம் 40,000 வேண்டும் என்றால் வருஷத்துக்கு 4,80,000. இதற்கு மேல் சாஃப்ட்வேர் சந்தா, நெட், கரண்ட், மருத்துவக் காப்பீடு, கம்ப்யூட்டர் தேய்மானம், வரி எல்லாவற்றுக்கும் 1,20,000 சேர். ஆக ஆறு லட்சம். வருஷத்தில் 52 வாரம். தீபாவளி, பொங்கல், சொந்தக்காரர் கல்யாணம், காய்ச்சல் என்று ஆறு வாரத்தைக் கழித்தால் 46. வாரத்துக்கு ஆறு நாள் உட்கார்ந்தாலும் காசு தருகிற வேலை மூன்று நாளுக்கு மேல் நடக்காது, மீதி நாளெல்லாம் போனில் பேசுவது, திருத்தம், பில் போடுவது, பாக்கி கேட்டு நடப்பது என்று போய்விடும். 46 வாரம், மூன்று நாள், மொத்தம் 138 நாள். ஆறு லட்சத்தை இதால் வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 4,350 ரூபாய் வருகிறது.

இந்த ஒரு எண் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இரண்டு நாள் பிடிக்கிற லோகோவை மூவாயிரத்துக்குக் கேட்டால் ஏன் முடியாது என்று உனக்கே தெரியும். உன் மாதம் ஒரு லட்சத்தை, அதாவது வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சத்தை, இதே 138 நாளில் போட்டுப் பார், நாளுக்கு ஏறக்குறைய 8,700 ஆகிறது. மதுரையில் முதல் வருஷமே எல்லாரிடமும் அதை வாங்க முடியாது, அதனால் ஆறு நாளும் வேலை செய்து ராத்திரி கண் முழித்துத்தான் ஈடுகட்டுவாய். எனக்குப் பயம் அதுதான். நல்ல கை இருந்தும் இப்படி உடம்பைக் கெடுத்துக்கொண்டு, சலித்துப்போய்த் திரும்ப வேலைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வருஷத்துக்கு ஆறு லட்சம் போதும், தம்பி.

அப்புறம், நம் ஊரில் எல்லா மாதமும் ஒன்று போல இருக்காது. ஆடித் தள்ளுபடி விளம்பரம், அது முடிந்ததும் தீபாவளி என்று ஜவுளிக்கடைகள் வரிசையாக வரும். மார்கழியில் கல்யாணம் கிடையாது, பத்திரிகை வேலையும் படுத்துவிடும், தை பிறக்கும்போது மறுபடி எழும். சிவகாசியில் அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்றே வெளியிடுகிறார்கள், டிசைன் எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். காலண்டர் வேலை வேண்டுமானால் பங்குனியிலேயே மாதிரிகளோடு பஸ் ஏறிவிடு. மோஷன் கிராஃபிக்ஸை மார்கழிக்குத் தள்ளி வை, ஆடியில் அதைத் தொட நேரம் இருக்காது. தினமும் போஸ்ட் போடுவதையும் விட்டுவிடு, முடித்துக் கொடுத்த வேலையை வாரம் ஒரு முறை போட்டால் போதும்.

பில் போட்ட தொகையை வந்த பணமாக எண்ணிவிடாதே. தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே உன் பெயரில் கட்டுகிற வருமான வரி, பிடிக்கிற கம்பெனியில் 20,000 ரூபாய் பில்லுக்குக் கைக்கு வருவது 18,000. பிடித்தது வருமான வரி இணையதளத்தில் உன் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ரிட்டர்ன் போடும்போது கணக்கில் காட்டிக்கொள்ள வேண்டும். சிறு தொழில்களுக்கு அரசு தருகிற உத்யம் பதிவையும் செய்துவிடு, அதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது காசு கேட்டால் கொடுக்காதே. 2006ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி சிறு நிறுவனங்களுக்கான பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் வட்டியும் உண்டு. இதைச் சொல்லி யாரோடும் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை, பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட்டுவிட்டு மரியாதையாக ஞாபகப்படுத்து. அப்படியும் இழுக்கத்தான் செய்வார்கள், அதனால் மூன்று மாத வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் சேர்ப்பதை வருமானத்துக்கு முந்தின இலக்காக வை. கையில் அது இருந்தால்தான் வேண்டாத வேலையை வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரும்.

உடற்பயிற்சியை விடாதே, ஆனால் ஐந்து மணி எதற்கு? ஏழு மணிக்கு நட. ஞாயிற்றுக்கிழமை கிளையன்ட் போனை எடுக்காதே. முதல் மாதமே இதைச் செய்துவிட்டால் அவர்களும் பழகிக்கொள்வார்கள், ஒரு வருஷம் எடுத்துப் பழக்கிவிட்டு நிறுத்தினால் கோபித்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த ஜவுளிக்கடை முதலாளியைப் பார்க்கப் போகிறாய் அல்லவா, மாதா மாதம் ஒரு தொகை என்று அவர் பேசினால் உடனே தலையாட்டிவிடாதே. மாதத்துக்கு எத்தனை டிசைன், எத்தனை நாள் வேலை என்று கேட்டு, அந்த நாள் கணக்கை 4,350ஆல் பெருக்கிப் பார். உன் வருமானத்தில் பாதிக்கு மேல் அவர் ஒருவரிடமிருந்தே வரும்படி ஒத்துக்கொள்ளாதே, அவர் மகன் நாளைக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டால் நீ முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இரண்டு திருத்தம் வரை இந்த விலையில், அதற்கு மேல் தனிக் கட்டணம், வேலை தொடங்கும் முன் பாதி முன்பணம், இந்த மூன்றையும் கொட்டேஷனிலேயே தமிழில் எழுதிக்கொண்டு போ. பேசி முடித்ததும் எனக்குப் போன் செய், எந்நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அக்கா