பதினாறு கோரும் ஒரு ஸ்கேனும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியை முதலில் சொல்லாமல், இரண்டு பக்கம் புதுக் கம்ப்யூட்டரைப் பற்றிப் புலம்பிவிட்டுக் கடைசி வரியில் எழுதியிருக்கிறாயே, நீ மாறவே இல்லை. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். எனக்குக் கண்ணாடி பவர் ஏறிவிட்டது, மற்றபடி சௌக்கியம்.

சரி, புலம்பலுக்கு வருகிறேன். ப்ராசசரில் 16 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) இருந்தும் ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் பழையபடியே இழுக்கிறது, ஏமாந்துவிட்டேனா என்று கேட்கிறாய். இல்லை. ஸ்கேன் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் கோர்களைத் தனித்தனியாகப் பார். ஒன்று மட்டும் முக்கி முனகிக்கொண்டிருக்கும், மற்றவை தூங்கும். பழைய மெஷினிலிருந்ததை எல்லாம் ஒரே டார்-ஜீஸிப்பாக, அதாவது சுருக்கிய ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தேன் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அதன் நடுப்பகுதியை விரிக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் இருப்பதை எல்லாம் விரித்தாக வேண்டும். பதினாறு பேர் நின்றாலும் ஒரே ஆள் வேலை. அதோடு விண்டோஸ் டிஃபெண்டர் மாதிரியானவை, திட்டமிட்ட ஸ்கேனில் ப்ராசசரைச் சராசரியாகப் பாதிக்கு மேல் எடுப்பதில்லை என்று தாமாகவே வரம்பு வைத்துக்கொள்கின்றன. இது நம் நல்லதுக்குத்தான்.

எனக்குச் சுவாரஸ்யமான பகுதி வேறு. போன வருடம் விளையாட்டாக ஒரு குட்டி ஸ்கேனர் எழுதினேன். பல சொற்களை ஒரே சமயத்தில் தேட ஆஹோ, கொராசிக் என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் 1975-இல் வெளியிட்ட முறைதான் அடிப்படை. வைரஸ் சிக்னேச்சர்களை (ஒவ்வொரு வைரஸையும் அடையாளம் காட்டும் பைட் வரிசைகளை) எல்லாம் ஒரே அட்டவணையாகப் பின்னிவிட்டு, ஃபைலை ஒரு தடவை படித்தால் போதும். பத்து சிக்னேச்சரோ பத்தாயிரமோ, ஒரு பைட்டுக்கு ஓர் அடி. காகிதத்தில் அழகு. சில நூறு சிக்னேச்சர் வரைக்கும் பறந்தது. பத்தாயிரம் போட்டதும் படுத்துவிட்டது. இரண்டு நாள் என் கோடில்தான் பிழை என்று தேடினேன்.

அப்புறம் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். அட்டவணையில் ஒரு நிலை என்பது, எந்த சிக்னேச்சர் எதுவரை ஒத்துப்போனது என்ற குறிப்பு. அடுத்து வரக்கூடிய பைட் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக ஒரு நிலைக்கு 256 கட்டம், கட்டத்துக்கு 4 பைட், ஆக 1 கிலோபைட். பத்தாயிரம் சிக்னேச்சர், ஒவ்வொன்றும் 20 பைட் என்றால் கிட்டத்தட்ட 2 லட்சம் நிலை. 200 மெகாபைட்! கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் எல்1 கேஷ் என்ற அதிவேகக் குட்டி நினைவகம் பெரும்பாலும் 32 அல்லது 48 கிலோபைட்தான். அதில் இருந்தால் நாலைந்து சைக்கிளில் (ப்ராசசரின் துடிப்பில்) கிடைப்பது, ராம் வரை போனால் சில நூறு சைக்கிள். அதிலும் கொடுமை என்னவென்றால், அடுத்து எந்தக் கட்டம் என்பது இந்தக் கட்டம் கைக்கு வந்த பிறகுதான் தெரியும். முன்கூட்டியே எடுத்து வைக்க வழியில்லை. தொடக்க நிலைகள் அடிக்கடி தொடப்படுவதால் கேஷிலேயே தங்கும், உண்மைதான். ஆனால் என் ஃபைல்களில் பாதி, சிக்னேச்சரின் முதல் சில பைட்டுகளோடு ஒத்துப்போய் உள்ளே உள்ளே இழுத்துக்கொண்டு போனது.

அதனால் வாசலில் ஒரு காவலாளியை வைத்தேன். ஒவ்வொரு சிக்னேச்சரிலிருந்தும் அதிகம் புழங்காத 4 பைட் துண்டு ஒன்றை எடுத்து, 65,536 பிட் கொண்ட ஒரு பலகையில் அதற்குரிய பிட்டைக் குறித்துவிடுவது. மொத்தம் 8 கிலோபைட், எல்1-க்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஃபைலின் ஒவ்வோர் இடத்திலும் அங்குள்ள 4 பைட்டுக்குரிய பிட்டைப் பார். குறியில்லையென்றால் நகர், இருந்தால் மட்டும் முழுதாகச் சோதி. முக்கியமாக, இந்த இடத்தின் பதிலுக்காக அடுத்த இடம் காத்திருக்க வேண்டியதில்லை. 2013 முதல் ப்ராசசர்களில் வரும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இங்கேதான் உதவுகின்றன: 256 பிட்டில் எட்டு இடங்களை ஒரே கட்டளையில் பார்க்கலாம்.

முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பத்தாயிரத்தையும் ஒரே பலகையில் குறித்தால், சுத்தமான ஃபைலிலும் ஏழில் ஓர் இடம் தற்செயலாகவே உள்ளே நுழைகிறது. காவலாளி இப்படித் தூங்கினால் எதற்குக் காவலாளி? பிறகு ஃபைல் வகைவாரியாகப் பிரித்தேன். இஎக்ஸ்ஈ ஃபைலில் ஆபீஸ் மேக்ரோ வைரஸைத் தேடி என்ன பயன்? ஒரு வகைக்கு ஆயிரம் சிக்னேச்சர் என்றானதும் அறுபத்தைந்தில் ஒன்றாகக் குறைந்தது. அன்றைக்கு என் பழைய லேப்டாப் ஃபேன் சத்தமே இல்லாமல் ஸ்கேனை முடித்தது, நானே நம்பவில்லை.

இந்த வேலையைக் கோர்களுக்கு வெளியே தள்ளும் வழியும் உண்டு. 2018-இல் இன்டெல், மெமரி ஸ்கேனை அதே சிப்பில் இருக்கும் கிராபிக்ஸ் பகுதிக்கு மாற்றி, ப்ராசசர் சுமை 20 சதவீதத்திலிருந்து 2 வரை இறங்கியதாகச் சொன்னது. அது அவர்களுடைய சோதனை மெஷினில், அவர்களே அளந்தது.

ஆனால் உனக்கு உண்மையில் நேரம் மிச்சமாவது, ஸ்கேனே செய்யாமல் விடும் ஃபைல்களால்தான். மாறாத ஃபைலை மறுபடி பார்க்காமல் இருக்க ஆன்டிவைரஸ் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும். சிக்னேச்சர் புதுப்பித்தால் அந்தக் குறிப்பை நம்ப முடியாமல் போகலாம், அதனால்தான் சில நாள் திடீரென்று இழுக்கிறது. வேகம் வேண்டும் என்பதற்காக டவுன்லோட் ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் போட்டுவிடாதே. உன்னைத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

முதலில் அந்த டார்-ஜீஸிப்பை விரித்துத் தனித்தனி ஃபைலாக வைத்து ஒருமுறை ஸ்கேன் ஓட்டிப் பார். எத்தனை கோர் விழித்தது என்று எழுது. அதிலே நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய அந்தப் பழைய பாம்பு விளையாட்டு இருந்தால் எனக்கு அனுப்பு. என் பிரதி எப்போதோ தொலைந்துவிட்டது.

அன்புடன்,
உன் நண்பன்