படிக்கத் திறந்த கதவு பங்கேற்கவும் திறக்கட்டும்: இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கும் ஆய்வு நிதி வழங்கும் குழுவினருக்கும், வணக்கம்.

2007ஆம் ஆண்டில் தங்கள் கவுன்சில் சந்தா செலுத்தி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் மீளாய்வுகளின் இணையத் திரட்டான காக்ரேன் நூலகத்தை இந்தியாவில் இருக்கும் எவரும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்தது. மாவட்டத் தலைநகர் ஒன்றின் மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் கற்பிக்கும் நான் அதன் பயனை அன்றாடம் அனுபவித்தவன். 2025இல் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. இரண்டும் பெரிய உதவிகள்; இரண்டுமே படிப்பதற்கான ஏற்பாடுகள். சிதறிக் கிடக்கும் ஆய்வுகளைத் தேடித் திரட்டி, எடைபோட்டு, ஒரு முடிவாகத் தொகுக்கும் இந்த மீளாய்வு வேலையில் எங்களைப் போன்றோர் சமமாகப் பங்கேற்பதற்கான ஏற்பாடு இன்னும் வரவில்லை. அதைக் கேட்டே இம்மடலை எழுதுகிறேன்.

காக்ரேன் சின்னத்தில் குறுக்குக் கோடுகளாகத் தெரிபவை, குறைப்பிரசவம் ஆகக்கூடிய தாய்மாருக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்த்த சோதனைகளின் முடிவுகள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். முதல் சோதனை 1972இல் நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து வெளிவந்தது. முடிவுகளை உரிய காலத்தில் தொகுக்காததால் அந்த ஊசி கிடைக்காமலே எத்தனையோ சிசுக்கள் இறந்தன என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். அந்தக் கதையின் பின்பாதியை அவ்வளவாகச் சொல்வதில்லை. அது நம் ஊர்களில் நடந்தது. அதே ஊசியைக் கிராமப்புறச் சுகாதார அமைப்பு வழியாகப் பரவலாகக் கொடுத்துப் பார்த்த ஆறு நாட்டுச் சோதனையின் முடிவு 2015இல் லான்செட் இதழில் அச்சானது. இந்தியாவில் பெல்காமும் நாக்பூரும் அதன் களங்கள். மிகக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகளிடையே இறப்பு குறையவில்லை. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தபோது பச்சிளங்குழந்தை இறப்பு கூடியிருந்தது. பிறகு இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், கர்ப்ப காலத்தை ஸ்கேன் மூலம் உறுதிசெய்து, குறைமாதக் குழந்தையைப் பராமரிக்கும் வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் கொடுத்து உலக சுகாதார நிறுவனம் நடத்திய சோதனை, இறப்பு குறைவதை 2020இல் காட்டியது.

ஆறு நாட்டுச் சோதனையில் இறப்பு கூடியது எதனால் என்ற விவாதம் தீரவில்லை. ஆனால் கடைசி மாதவிடாய்த் தேதி தாய்க்கு நினைவிருக்குமா, குறைமாதம் என்று யார் எப்படி முடிவுசெய்வார்கள், பிறந்த குழந்தையைக் கதகதப்பாக வைக்க வார்மர் கருவி இருக்குமா என்ற கேள்விகள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கும் செவிலியருக்குத் தாமாகவே தோன்றும். அவரைப் போன்றவர்கள் மீளாய்வின் கேள்வியை வகுக்கும் நாளிலேயே குழுவில் இருக்க வேண்டும் என்பதே என் வாதம். முடிவு அச்சான பிறகு கருத்துக் கேட்பது பங்கேற்பு ஆகாது.

தேடலுக்கும் இது பொருந்தும். பாம்புக்கடி பற்றிய ஆய்வுகளைத் தேடும் வெளிநாட்டுக் குழு, ஆங்கிலத்தில் பாம்புக்கடி, பாம்பு நஞ்சு ஆகியவற்றுக்கு வழங்கும் சொற்களை இட்டுத் தேடும். நம் நாட்டு மருத்துவர்கள் பழைய இதழ்களில் ‘ஓஃபிடாக்சீமியா’ என்று தலைப்பிட்டு எழுதிய கட்டுரைகள் ஏராளம். அந்தச் சொல் தேடல் பட்டியலில் இல்லையென்றால் அவற்றில் பல கண்ணில் படாமலே போகும். எங்கள் கல்லூரி நூலகர் இதை எனக்குச் சொன்னபோது, பைண்டு செய்த பழைய தொகுதி ஒன்றைப் பிரித்து, அந்தச் சொல்லின் கீழ் விரலை வைத்துக் காட்டினார். அவர் பெயர் இதுவரை எந்த மீளாய்விலும் இடம்பெற்றதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுக் குழு ஒன்றின் மீளாய்வுக்காக எங்கள் முதுநிலை மாணவியர் இருவர் ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து தரவு பிரித்தெடுத்துக் கொடுத்தார்கள். ஒரே கட்டுரையை இருவரும் தனித்தனியே படித்து, எக்செல் தாளில் நிரப்பி, பின்னர் ஒப்பிட வேண்டும். அட்டவணை இல்லாமல் வரைபடம் மட்டும் இருந்த கட்டுரைகளை அச்செடுத்து, ஒவ்வொரு பட்டையின் உயரத்தையும் ஸ்கேல் வைத்து அளந்தார்கள். மீளாய்வு வெளிவந்தபோது அவர்களின் பெயர்கள் நன்றியுரையில் மட்டும் இருந்தன. வரைவு எழுதுவதில் அவர்கள் பங்கேற்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். வரைவை அவர்களுக்கு யாரும் அனுப்பவேயில்லை. வாய்ப்பை மறுத்துவிட்டு அதையே தகுதிக் குறைவாகக் காட்டக்கூடாது என்று மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு தன் நெறிமுறையில் எழுதியே வைத்திருக்கிறது. தாங்கள் நிரப்பிய தாளின் இறுதிப் படியை அம்மாணவியர் கேட்டபோது, அதுவும் கிடைக்கவில்லை.

ஆகவே, தாங்கள் நிதி தரும் ஒவ்வொரு மீளாய்வும் தன் தேடல் சொற்களையும், பிரித்தெடுத்த தரவுத் தாள்களையும், கணக்கிடப் பயன்படுத்திய கணினி நிரல்களையும் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்கக் கோருகிறேன். தரவு பிரித்தெடுத்தவர்களுக்கும் தேடலை வடிவமைத்த நூலகர்களுக்கும் வரைவைப் படித்துத் திருத்தும் வாய்ப்பு தரப்பட்டது என்பதை இறுதி அறிக்கையில் காட்டச் செய்ய வேண்டும். மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் எம்பேஸ் போன்ற கட்டணத் தரவுத்தளங்களைச் சிறிய கல்லூரிகளால் வாங்க இயலாது. மாநிலத்துக்கு ஒரு மையமாவது அவற்றை வைத்திருந்து, கேட்பவர்களுக்குத் தேடிக் கொடுக்கலாம். கணக்கிடும் மென்பொருளுக்குச் செலவே இல்லை: ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியும், பல ஆய்வுகளின் முடிவுகளை இணைத்துக் கணக்கிடும் அதன் மெட்டாஃபோர் தொகுப்பும் இலவசம். அவற்றைத் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் கற்பிக்கும் பயிற்சிக்கும், பயிற்சிக்கு வரும் செவிலியரின் விடுப்புக்கும் பயணப்படிக்கும்தான் நிதி தேவை.

எங்கள் நூலகர் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருக்கும் பாம்புக்கடித் தேடல் சொற்களின் பட்டியல் தட்டச்சு செய்யப்பட்டுத் தயாராக இருக்கிறது. அத்தகைய களஞ்சியத்தைத் தாங்கள் தொடங்கினால், அதை அவர் பெயரிலேயே அனுப்பிவைக்கிறோம்.

இங்ஙனம்,
சமூக மருத்துவத் துறை ஆசிரியர் ஒருவர்