சர்வீஸ் செய்து வந்த ஏர் ரைபிள்கள் குறியில் நிற்காதது தொடர்பான புகார்

அனுப்புநர்:
செயற்குழு,
துப்பாக்கி சுடும் கழகம்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மேலாளர், பழுதுபார்ப்புப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கழகத்தின் மூன்று 10 மீட்டர் போட்டி ஏர் ரைபிள்களை (அழுத்தக் காற்றால் சுடும் துப்பாக்கிகள்) முழு சர்வீஸுக்காகத் தங்களிடம் ஒப்படைத்தோம். திரும்பி வந்த மூன்றில் ஒன்றுகூடக் குறியில் நிற்கவில்லை. இதைத் தெரிவித்தபோது, சுடுபவரின் பிடியிலும் மூச்சிலும்தான் கோளாறு என்று பதில் எழுதி, பயிற்சிக் குறிப்புத் தாள் ஒன்றையும் இணைத்து அனுப்பியிருந்தீர்கள். இந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியாது. ஏன் என்பதைத் தங்கள் தொழில்நுட்பரே சோதித்துப் பார்க்கும் வகையில் கீழே எழுதியுள்ளோம்.

கோளாறு துப்பாக்கியிலா ஆளிலா என்று கண்டுபிடிக்க வாக்குவாதம் தேவையில்லை. ஸ்டாக்கை (தோளில் வைத்துப் பிடிக்கும் பகுதி) கழற்றி, ரைபிளின் இரும்புப் பகுதியை மட்டும் கனமான மேசையில் பொருத்திய பிடிகருவியில் இறுக்கி, ஒரே டின் பெல்லட்டில் (ஏர் ரைபிளில் போடும் சிறு குண்டு) 10 குண்டு சுட வேண்டும். அங்கே மூச்சும் இல்லை, தோளும் இல்லை. நல்ல நிலையில் உள்ள போட்டி ரைபிள் 10 மீட்டரில் ஏறக்குறைய ஒரே ஓட்டையைத்தான் போடும். தாங்கள் திருப்பி அனுப்பிய முதல் ரைபிளை இப்படிச் சுட்டபோது, இலக்குத் தாளில் ஓட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் செங்குத்தாக ஏறி நிற்கின்றன. அகலம் ஒரு பெல்லட் அளவுதான். உயரமோ மூன்று பெல்லட்டுக்கு மேல். கை நடுங்கினால் ஓட்டைகள் நாலாபக்கமும் சிதறும், இப்படிக் கோடு போட்டது போல் நிற்காது. தாளை இணைத்துள்ளோம்.

செங்குத்துக் கோடு என்றால் பெல்லட்டின் வேகம் மாறுகிறது என்று பொருள். கணக்கு எளிது. விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட், காற்றுத் தடையைச் சேர்க்காமலே, 10 மீட்டர் போவதற்குள் சுமார் 17 மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. வேகம் 160 ஆகக் குறைந்தால் இறக்கம் 19 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். இந்த இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையே 2.5 மில்லிமீட்டர்தான், நடுவில் இருக்கும் பத்துப் புள்ளியின் விட்டமே 0.5 மில்லிமீட்டர். ஆக, வேகம் 10 மீட்டர் குறைந்தாலே கிட்டத்தட்ட ஒரு வளையம் பறிபோகிறது. தசமப் புள்ளியில் 10.9 வரை கணக்கிடும் போட்டியில் அது சின்ன விஷயம் அல்ல.

வேகம் ஏன் மாறுகிறது என்பதையும் பார்த்தோம். பெல்லட்டை மாற்றினோம், அதே கோடு. வேறு ரைபிளில் ஒழுங்காக வேலை செய்யும் காற்றுச் சிலிண்டரைப் பூட்டினோம், அப்போதும் அதே கோடு. பிறகு பத்து நிமிடம் ரைபிளைச் சும்மா வைத்துவிட்டுச் சுட்டால் முதல் குண்டு மேலே போகிறது, விடாமல் தொடர்ந்து சுட்டால் படிப்படியாகக் கீழே வருகிறது. வேகம் அளக்கும் குரோனோகிராஃபிலும் முதல் குண்டுதான் வேகமாகக் காட்டுகிறது. இது ரெகுலேட்டர் கசிவுக்கு உரிய அடையாளம். சிலிண்டரில் 200 பார் வரை இருக்கும் அழுத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்றைக் கொடுப்பதுதான் ரெகுலேட்டரின் வேலை. அதன் சீல் சரியாக உட்காராவிட்டால், ரைபிள் ஓய்வில் இருக்கும்போது காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசிந்து அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம். நடுவில் சற்று ஓய்வெடுக்காத வீரர் யார்? ஓய்வுக்குப் பிறகு வரும் முதல் குண்டை இந்த ரைபிள் கெடுத்துவிடும்.

இதைவிடக் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. சிலிண்டரைக் கழற்றியபோது ஓ-ரிங்கின் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மேலும் திருகு மரைகளிலும் மஞ்சள் நிற கிரீஸ் அப்பியிருந்தது. துடைத்துப் பார்த்தோம்; மோட்டார் சைக்கிளுக்குப் போடும் பெட்ரோலிய கிரீஸின் வாடை. உயர் அழுத்தக் காற்று உள்ள இடத்தில் பெட்ரோலிய எண்ணெய் சார்ந்த எதையும் பூசக்கூடாது. காற்று திடீரென அமுங்கும்போது சூடேறி அது தீப்பற்றக்கூடும், சில வகை ரப்பர் சீலையும் உப்ப வைத்துக் கெடுக்கும். உற்பத்தியாளர் சொல்லும் சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே, அதுவும் மெல்லிய பூச்சாக. இந்த மூன்று சிலிண்டரிலும் இனிக் காற்று நிரப்பப்போவதில்லை. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் கன்னத்தை ஒட்டிவைத்துச் சுடும் கருவி இது. தங்களிடம் சர்வீஸுக்குப் போன மற்றவர்களுடைய ரைபிள்களையும் உடனே திருப்பி அழைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு சிலிண்டரில் தேதி ஒட்டியிருந்த தாளையும் காணவில்லை. தயாரித்து 10 ஆண்டு தாண்டிய சிலிண்டரைப் போட்டியின் கருவிச் சோதனையில் அனுமதிக்க மாட்டார்கள். தேதியே இல்லையென்றால் எதைக் காட்டுவது?

இரண்டாவது ரைபிளின் கோளாறு வேறு. அது ஒரே தாளில் இரண்டு கூட்டமாகச் சுடுகிறது. ஒரு கூட்டம் ஒன்பதில், இன்னொன்று எட்டில். ஸ்டாக்கையும் ரைபிளையும் இணைக்கும் போல்ட்டுகளைப் பார்த்தால் காரணம் புரிகிறது. முன் போல்ட் விரலாலேயே திரும்புகிறது, பின் போல்ட் அசையவே இல்லை. பின் போல்ட்டின் அறுகோணக் குழியின் மூலைகள் மழுங்கி, ஓரத்தில் இரும்புப் பிசிறு எழும்பி நிற்கிறது. 5 மில்லிமீட்டர் குழிக்குள் 3/16 அங்குலச் சாவி நுழையும். ஆனால் அது 4.76 மில்லிமீட்டர்தான், முறுக்கியதும் மூலைகளைத் தின்றுவிடும். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி, கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்குவதுதான் முறை. ஒன்று தளர்ந்தால் ஒவ்வொரு குண்டுக்கும் ரைபிள் ஸ்டாக்குக்குள் சற்றே இடம் மாறி உட்காரும்.

மூன்றாவது ரைபிளில் கோளாறு பின் சைட்டில், அதாவது கண்ணருகே வைத்துக் குறிபார்க்கும் பகுதியில். ஒரு குண்டு சுட்டுவிட்டு, 10 கிளிக் வலம், 10 கிளிக் கீழ், 10 கிளிக் இடம், 10 கிளிக் மேல் என்று சுற்றி வந்து மீண்டும் சுட்டால் முதல் ஓட்டையிலேயே விழ வேண்டும். இந்த சைட்டில் இடப்பக்கம் திரும்பும்போது முதல் இரண்டு மூன்று கிளிக் சத்தம் கேட்கிறதே தவிர சைட் நகர்வதில்லை. ஒரு கிளிக் எத்தனை மில்லிமீட்டர் என்பது சைட்டுக்கு சைட்டு மாறலாம், போன கிளிக் திரும்பி வராமல் இருக்கக்கூடாது. பிரித்துத் துடைத்துப் பூட்டியபோது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைச் சரியாக உட்கார வைக்கவில்லை என்றே நினைக்கிறோம்.

கூடவே வாங்கிய பெல்லட் பற்றியும் சொல்ல வேண்டும். தலை விட்டம் 4.50 மில்லிமீட்டர், ஒரே லாட் எண் (ஒரே தயாரிப்புத் தொகுதி) என்று கேட்டிருந்தோம். வந்த டின்களில் 4.49 கலந்திருக்கிறது, லாட் எண்களும் வேறு வேறு. பல பெல்லட்டுகளின் பின்பாவாடை (அகன்ற பின்பகுதி) நசுங்கியிருக்கிறது. கண்ணாடிப் பலகையைச் சற்றுச் சாய்த்து உருட்டினால் நல்லது சீராக வளைந்து உருளும், நசுங்கியது தத்தித் தத்திப் போகும். பயிற்சிக்கு வேண்டுமானால் இவற்றை ஓட்டலாம், போட்டிக்கு ஆகாது.

இனி, தாங்கள் அனுப்பிய குறிப்புத் தாள். ரைபிளை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும், நெஞ்சு நிறைய மூச்சிழுத்து அடக்க வேண்டும், கறுப்பு வட்டம் நடுவில் வந்த கணத்தில் விசையைச் சட்டென இழுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மூன்றுமே தவறு. நின்று சுடும்போது 5.5 கிலோ வரை இருக்கும் ரைபிளை எலும்புதான் தாங்க வேண்டும்: இடது முழங்கை இடுப்பில் ஊன்றி, மணிக்கட்டு நேராக, கை தளர்வாக. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் ஏர் ரைபிள் சுட்டார். தசை பலத்தை நம்பும் விளையாட்டாக இருந்தால் அது நடந்திருக்குமா? கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறக்கும்போது குறி விலகியிருந்தால் கையால் தள்ளக்கூடாது, பாதத்தை நகர்த்த வேண்டும். மூச்சைப் பாதி வெளியே விட்டு, இயல்பாக நிற்கும் இடத்தில் நிறுத்தி, எட்டுப் பத்து விநாடிக்குள் குண்டு போகாவிட்டால் ரைபிளை இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் பிடித்தால் பார்வை மங்கும், ஆட்டம் கூடும். விசையை நேராகப் பின்னோக்கி, சீராக அழுத்த வேண்டும். குண்டு போன பிறகும் ஒரு விநாடி குறியிலேயே நிற்க வேண்டும்.

ரைபிள் பக்கவாட்டில் சாய்வதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. 5 டிகிரி சாய்ந்தாலே குண்டு சாய்ந்த பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் விலகும். சாய்த்துப் பிடிப்பது குற்றமில்லை, குண்டுக்குக் குண்டு சாய்வு மாறுவதுதான் கெடுதல். புதிதாகப் பழகும் பிள்ளைகள் கையில் அந்தத் தாளைக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. தயவுசெய்து திருத்துங்கள்.

1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஏர் ரைபிளுக்கும் லைசென்ஸ் வேண்டும். அதை ஒரு பார்சலைப் போல நினைத்தபோது அனுப்பி வாங்க முடியாது. எனவே அடுத்த முறை வேலை முழுமையாக முடிந்தே வர வேண்டும்.

எங்கள் கோரிக்கை இது. மூன்று ரைபிள்களையும் தங்கள் செலவில் மீண்டும் சர்வீஸ் செய்து தர வேண்டும். ரெகுலேட்டர் சீல், ஓ-ரிங், பின் போல்ட் ஆகியவற்றைப் புதிதாக மாற்ற வேண்டும். தேதியில்லாத சிலிண்டருக்கு ஈடாகத் தேதி தெளிவாக உள்ள சிலிண்டர் தர வேண்டும். பெல்லட்டை மாற்ற வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு ரைபிளோடும் பிடிகருவியில் சுட்ட 10 குண்டுத் தாளும் அந்த 10 குண்டின் வேகப் பட்டியலும், சுட்டவரின் கையொப்பத்தோடு வர வேண்டும். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, சேவையை உரிய கவனத்தோடும் திறனோடும் செய்ய வேண்டும் என்கிறது. 14 நாளில் பதில் இல்லையெனில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்போம்.

கழற்றும் பழைய சீல்களையும் ஓ-ரிங்குகளையும் எறிந்துவிடாமல், எந்த ரைபிளில் இருந்தது என்று எழுதித் தனித்தனிப் பையில் போட்டு எங்களிடமே திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
செயற்குழுவினர்

இணைப்பு: இலக்குத் தாள்கள், போல்ட்டின் படம், பெல்லட் டின்களின் லேபிள் படங்கள், சர்வீஸ் ரசீது நகல்.