பெர்க்லி அருங்காட்சியகப் பயணம்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் பொதுமக்களை வரவேற்கும் ஏப்ரல் மாதத்துக் ‘கேல் டே’ அன்று, நம் தமிழ்ப் பள்ளியின் மூத்த மாணவர்களை அங்குள்ள முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்கிறோம். அது ஆராய்ச்சிக்கென்றே இயங்கும் இடமாதலால் மற்ற நாள்களில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. செத்த பாம்பையும் தவளையையும் பிள்ளைகளுக்கு ஏன் காட்ட வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி, விரிவாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனி அலெக்சாண்டர் என்ற பெண்மணியின் கொடையால் 1908இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகத்தில், ஊர்வனவும் நீர்நில வாழ்வனவுமாக ஏறத்தாழ 3 லட்சம் பதப்படுத்திய உடல்கள் உள்ளன. இத்தகைய ஜாடி ஒன்றை முன்பொரு முறை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ஃபார்மலினில் இறுகி, பின் ஆல்கஹாலில் கிடந்த அந்தத் தவளை நிறமெல்லாம் போய் வெளிறியிருந்தது; பின்னங்காலில் நூலால் கட்டிய சிறு அட்டையில் ஓர் எண். அந்த எண்ணைக் கொண்டு பதிவேட்டைப் புரட்டினால், அது பிடிபட்ட நாளும் இடமும் பிடித்தவர் பெயரும் கிடைக்கும். நூல் அறுந்து அட்டை தொலைந்தால், ஆய்வாளருக்கு அது எங்கிருந்து வந்ததென்றே தெரியாத ஓர் உடல்தான்.

இதை நன்கு உணர்ந்தவர் முதல் இயக்குநர் ஜோசப் கிரின்னெல். கண்டதைக் களத்திலேயே குறிப்பேட்டில் பதிய வேண்டுமென்று கண்டிப்பாக இருந்த அவர், இந்தச் சேகரத்தின் மதிப்பு பல ஆண்டுகள், ஒருவேளை ஒரு நூற்றாண்டு கழித்தே தெரியவரும் என்று 1910இல் எழுதினார். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு: தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையை அறிவியல் அடையாளம் கண்டது 1990களின் இறுதியில்தான். மெக்சிகோ, குவாத்தமாலா, கோஸ்டா ரிகா நாடுகளில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிடித்து வைத்த தவளைகள், தவளைக்கு உறவான, பல்லி போன்ற உருவமுள்ள சாலமாண்டர்கள் ஆகியவற்றின் தோலைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்துச் சோதித்த ஆய்வாளர்கள், அந்தப் பூஞ்சை வந்து சேர்ந்த காலமும் அவ்வினங்கள் மறைந்த காலமும் ஒன்றே என்று 2011இல் காட்டினார்கள். பூஞ்சையைப் பற்றி ஏதும் அறியாமல் பிடித்துவைத்த உடல்களே அதற்குச் சாட்சி சொன்னதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

சாலமாண்டருக்கு நம் பேச்சுத்தமிழில் பெயர் கிடையாது. தமிழ்நாட்டில் அது இல்லை. இங்கோ, குன்றுகளில் மரக்கட்டையைப் புரட்டினாலே என்சட்டினா என்ற இனம் கண்ணில் படும். கலிபோர்னியாவின் நடுச் சமவெளியைச் சுற்றி வளையம்போல் பரவிய அதன் வடிவங்கள், பக்கத்துப் பக்கத்தில் கலந்து இனம் பெருக்கினாலும், வளையத்தின் தெற்கு முனையில் சந்திக்கும் இரண்டு பெரும்பாலும் கலப்பதில்லை. விலங்கியலாளர் ராபர்ட் ஸ்டெபின்ஸ் 1949இல் இதை விளக்கியதும் இத்தகைய உடல்களை ஒப்பிட்டுத்தான்.

மாணவர்கள் எந்த உயிரையும் பிடிக்கவோ தொடவோ வேண்டியதில்லை. பயணத்துக்கு முந்தைய இரு வாரங்களில் வீட்டுத் தோட்டத்திலோ பூங்காவிலோ காணும் ஓணான், தவளை, தேரை எதுவாயினும், நாள், நேரம், இடம், நிறம், அது செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றைப் பார்த்த அன்றே தமிழில் எழுத வேண்டும். மதிலில் வெயில் காயும் ஓணானின் வயிறு நீலமாகத் தெரிந்தால் அதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். சொல் கிடைக்காமல் பிள்ளை தவிக்கும்போது உங்கள் ஊர்ச் சொல்லையே கொடுங்கள்; திருத்தாமல் ஏற்றுக்கொள்வோம்.

கையொப்பமிட்ட படிவத்தை அடுத்த வகுப்பன்று வகுப்பாசிரியரிடம் தந்துவிடுங்கள். பிள்ளையை அனுப்பத் தயக்கமிருந்தால் வகுப்பு முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்