கூடாரம் அனுப்பாதை, மச்சான்

வெள்ளவத்தை, கொழும்பு 6
சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை இரவு

அன்பின் மச்சானுக்கு,

நீ அனுப்பின குரல்பதிவு மூண்டையும் கேட்டன். கார் ஓடிக்கொண்டு கதைச்சிருக்கிறாய் போல, உன்ர குரலை விட இண்டிகேற்றர் சத்தம்தான் தெளிவாக் கேக்குது. நானும் குரலில பதில் சொல்ல வெளிக்கிட்டா நாலாவது நிமிசத்தில சொல்ல வந்ததை மறந்துபோவன். அதுதான் கடிதம்.

இஞ்ச எல்லாரும் சுகம். மூத்தவள் சாதாரண தரச் சோதினை எழுதி முடிச்சிட்டுக் கட்டிலை விட்டு எழும்பாமல் கிடக்கிறாள். சின்னவனுக்கு ஒவ்வொரு கிழமையும் ஒரு புதுப் பைத்தியம். அம்மாவுக்கு முழங்கால் நோ கூடிப்போச்சு, ஆனா வாய் குறையேல்லை. பகல் முழுக்கப் புழுக்கம், பின்னேரம் இடியோட மழை, மழை விட்டாப் பழையபடி புழுக்கம். இரவிலகூட 25 பாகைக்குக் கீழ இறங்க யோசிக்குது.

இந்தப் புழுக்கத்தை மனசில வைச்சுக்கொண்டு கேள். கனடாவில இருந்து ஒரு பெரிய கூடாரம் பார்சலில போடுறன் எண்டாயே, போடாதை. உன்ர அன்பு விளங்குது, கூடாரம்தான் சரிவராது. நீ அங்க அல்கொன்குயின் காட்டில நிண்டு எடுத்த படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன். வெளித்துணி நிலத்தைத் தொடுது. உள்ளயும் பாதி உயரம் வரைக்கும் துணிதான், மேலதான் கொஞ்சம் வலை. குளிர்காத்து உள்ள வராமல் இருக்கச் செய்த சாமான் அது. அதுக்குள்ள எங்களை இஞ்ச படுக்க வைச்சா விடிய இடியப்பம் மாதிரி அவிஞ்சுதான் எழும்புவம்.

எங்களுக்கு எப்பிடி இந்தக் கூடாரப் பைத்தியம் பிடிச்சது எண்டு கேட்டாய். போன மாதம் மனுசியின்ர கந்தோரில ஒருத்தரிட்டக் கடன் வாங்கின கூடாரத்தோட பெலிஹுல்ஓயாவுக்குப் போனனாங்கள். அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை எண்டு நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல. கொழும்பில இருந்து விடிய வெளிக்கிட்டு, வழியில சாப்பிட்டு, பின்னேரம் ஆத்தங்கரையில கூடாரம் அடிச்சம். பையில ‘4 பேர்’ எண்டு போட்டிருந்தது, நாங்களும் நாலு பேர், கணக்குச் சரி எண்டு நினைச்சன்.

மச்சான், அந்த ‘4 பேர்’ எண்டது என்ன கணக்கெண்டு இப்பதான் விளங்குது. அது பாயைப் பாயோட ஒட்டிப் போட்டு, பை, செருப்பு, தண்ணிப் போத்தில் ஒண்டுமில்லாமல் படுக்கிற கணக்கு. அந்தக் கூடாரத்தின்ர அகலம் 210 சென்ரிமீற்றர். நாலாப் பிரிச்சா ஆளுக்கு ஐம்பத்திரண்டரை. எங்கட வீட்டு ஒற்றைக் கட்டில் மெத்தையே மூண்டடி, கிட்டத்தட்ட 91 சென்ரிமீற்றர். சின்னவன் வேற படுத்தா மணிக்கூட்டுக் கம்பி மாதிரிச் சுத்துறவன். குடும்பத்தோட போறதெண்டா பையில எழுதியிருக்கிற ஆள்கணக்கில ரெண்டைக் கழிச்சுத்தான் பாக்கவேணும், நாலு பேருக்கு ஆறு பேர்க் கூடாரம். நடந்து மலை ஏறுறவனுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. காரில போய்க் காருக்குப் பக்கத்தில அடிக்கிறவன் ஏன் பாரத்துக்குப் பயப்பிடவேணும்?

ஆனா இடநெருக்கடி பெரிய பிரச்சினையில்லை. விடியப்புறம் நாலு மணிக்கு மனுசி என்னை உலுப்பி எழுப்பி, “மழை பெய்யேல்லை, பிறகெப்பிடி உள்ள நனைஞ்சிருக்கு?” எண்டு கேட்டா. பாத்தா மேல்துணியின்ர உள்பக்கம் முழுக்கத் தண்ணி முத்து முத்தா நிண்டு, ஆராவது திரும்பிப் படுத்தாச் சொட்டுது. மூத்தவளின்ர போர்வை பிழிஞ்செடுக்கிற மாதிரி. கூடாரம் ஒழுகுது எண்டுதான் முதலில நானும் நினைச்சன். ஒழுகேல்லை. அது நாங்கள் விட்ட மூச்சு. நாலு பேர் இரவு முழுக்க விடுற மூச்சிலயும் வேர்வையிலயும் இருக்கிற ஈரத்துக்குப் போக வழி இல்லை. வானம் வெளிச்சிருந்த இரவெண்டபடியா மேல்துணி குளிர்ந்துபோச்சு. கஞ்சிப்பானை மூடியில வேர்க்கிறது போலத்தான். அதோட ஆத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில கொண்டுபோய் அடிச்சது என்ர மடைத்தனம், ஈரமும் குளிர்காத்தும் இரவில வந்து தங்கிற இடமே அதுதான்.

அண்டைக்கு எனக்கு எங்கட சாரணர் காலத்துக் கன்வஸ் கூடாரம் ஞாபகம் வந்தது. மழைக்குள்ள உள்பக்கத்தில விரல் வைக்கக்கூடாது, வைச்ச இடத்தால ஒழுகும் எண்டு மாஸ்ரர் சொல்லச் சொல்ல நீ விரலால உன்ர பேரெழுதினது! நாங்கள் நனைஞ்சம், ஆனா ஒருநாளும் அவியேல்லை. பருத்தித் துணி தானே மூச்சு விடும். இப்பத்தைய பொலியெஸ்டருக்கு உள்பக்கம் பூச்சுப் பூசியிருக்கு, தண்ணி உள்ள வராது, ஈரம் வெளிய போகவும் விடாது. அதால காத்துக்கு வழியைத் தைக்கேக்கையே வைச்சுத் தைக்கவேணும். வழி வைச்சிருக்கோ இல்லையோ எண்டு பாக்கிறதுதான் வாங்கிறவன்ர வேலை.

பிறகு புறக்கோட்டையில ஒரு கடையில ஆறு பேர்க் கூடாரம் ஒண்டு எடுத்தன். அந்த ஒழுங்கையில கையை விரிக்கவே இடமில்லை, கூடாரத்தை எங்க விரிக்கிறது? சரிவராட்டித் திருப்பித் தருவன் எண்டு சொல்லிப்போட்டுக் கொண்டுவந்து எங்கட ஃபிளாட் மொட்டைமாடியில அடிச்சன். சின்னவன் உள்ள போய்ப் படுத்திட்டான். அப்பதான் அம்மா, முழங்காலோட, படி ஏறி வந்தவ.

அம்மாவுக்கு இந்த அலுவல் தொடக்கத்தில இருந்தே பிடிக்கேல்லை. “காசு குடுத்துப் போய்க் கூடாரத்தில படுக்கிறியளோ?” எண்டு கேட்டவ. அதுக்கு என்னிட்டப் பதில் இல்லை. உனக்குத் தெரியும், சண்டையால இடம்பெயர்ந்து 95 இல சாவகச்சேரி, 96 இல கிளிநொச்சி, 2009 இல செட்டிகுளம் முகாம். நாங்கள் ‘காம்ப்’ எண்டு சொல்லேக்க பிள்ளைகளின்ர காதில ஒண்டு கேக்குது, அவவின்ர காதில வேற ஒண்டு கேக்குது. காலிமுகத்திடலில 2022 இல பெடியள் போராட்டத்துக்குக் கூடாரம் அடிச்சிருந்த நேரம் பஸ்ஸில அதால போகேக்க, அவ அந்தப் பக்கமே திரும்பாமல் மற்றப் பக்கத்தைப் பாத்துக்கொண்டு வந்தவ.

மாடிக்கு வந்தவ ஒண்டும் கதைக்கேல்லை. கூடாரத்தை ஒருக்காச் சுத்தி வந்து, வாசலால குனிஞ்சு, உள்ள கையை மேல நீட்டிப் பாத்தா. “வெக்கை முழுக்க முகட்டில நிக்குது. போக வழியெங்க?” எண்டா. நான் உச்சியில இருந்த காத்துவழியைக் காட்டினன். உள்ளங்கை அளவு, அதுக்கும் மேல ஒரு துணிமூடி. “உது சும்மா பேருக்கு,” எண்டா. பிறகு மாடிப்படியில இருந்துகொண்டே சொல்லத் தொடங்கினவ. செட்டிகுளத்தில மத்தியானத்தில உள்ள இருக்கேலாது, பக்கத்துத் துணியை அடியில இருந்து சுருட்டிக் கட்டிவிட்டாத்தான் மூச்சு வரும். வாசல் காத்துக்கு நேராப் பாத்தா மட்டும் காணாது, எதிர்ப்பக்கமும் திறக்கவேணும், இல்லாட்டி உள்ள வந்த காத்து முட்டிக்கொண்டு நிக்கும். எந்தப் பக்கம் காத்து எண்டு பாக்காமல் வரிசைக்கு அடிச்சதாலதான் அவ்வளவு வெக்கை எண்டா. பதினைஞ்சு வருசத்துக்கு மேல என்னோட இருக்கிறா, இவ்வளவும் அண்டைக்குத்தான் கேட்டன்.

அடுத்தநாள் கூடாரத்தைத் திருப்பிக் குடுத்தன். கடைக்காரருக்கு முகம் சுருங்கினதுதான், மாத்தித் தந்தார்.

இப்ப இருக்கிறது மூண்டு மீற்றருக்கு மூண்டு மீற்றர், நடுவில உயரம் 195 சென்ரிமீற்றர். நான் நிண்டு காற்சட்டை மாத்தலாம். எதிரெதிரா ரெண்டு வாசல். உட்கூட்டின்ர கூரை முழுக்க வலை, அதுவும் கண் சின்ன வலை, நுளம்பை விடச் சின்னதுகளும் நுழையாது. அதுக்கு மேல வெளித்துணி ஒரு சாண் இடைவெளி விட்டு நிக்குது, நிலத்தைத் தொடாது. கீழ ஓரத்தால குளிர்ந்த காத்து உள்ள வரும், உச்சியால வெக்கை வெளிய போகும். மழைக்குள்ளயும் உச்சிவழி திறந்திருக்கிற மாதிரி ஒரு சின்னக் கம்பி முட்டுக் குடுத்திருக்கு. ஊரில நாற்சார் வீட்டு முற்றம் செய்த வேலைதான் இது. வேர்த்தாலும் வெளித்துணியிலதான் வேர்க்கும், எங்கட தலையில சொட்டாது. பக்கச்சுவர் சரிவில்லாமல் கிட்டத்தட்ட நேரா நிக்கிறதால ஓரத்தில படுக்கிறவன்ர முகத்தில துணி உரசாது. வாசல்படி தாழ்வு, அம்மா முழங்காலை உயர்த்தவேண்டியதில்லை.

நேர்ச்சுவர் எண்டா காத்தும் நல்லாப் பிடிக்கும், அது உண்மை. சின்னக் குவிமாடக் கூடாரத்துக்கு மேலால காத்து வழுகிப் போயிடும், இது பாய்க்கப்பல் மாதிரி நிக்கும். எங்கட மொட்டைமாடிக்குக் கடற்காத்து நேரா வாறது, இழுகயிறு கட்டாமல் விட்ட முதல் பத்து நிமிசத்தில தண்ணித்தாங்கி வரைக்கும் போயிட்டுது. நாலு மூலைக்கும் கயிறு கட்டின பிறகு அசையேல்லை. கம்பு பைபர்கிளாஸ். அலுமினியம் எண்டா நல்லம், விலைக்குப் பயந்து விட்டிட்டன்.

துணியில 3000 மில்லிமீற்றர் எண்டு போட்டிருக்கு. அவ்வளவு உயரத்துக்குத் தண்ணி மேல நிண்டாத்தான் கசியத் தொடங்கும் எண்ட கணக்கு. மழைக்கு அதில பாதியே காணும், நிலத்துணிக்குத்தான் கூட வேணும், முழங்கால் ஊண்டுற இடமெல்லாம் அமத்துப்படும். ஆனா இலக்கத்தை விடத் தையல்தான் ஆளைக் கவிழ்க்கிறது. தண்ணிக் குழாயைப் பிடிச்சு இருபது நிமிசம் ஊத்தினன், சின்னவன் உள்ள ரோர்ச் லைட்டோட ஒவ்வொரு தையலாப் பாத்தான். ஒரு மூலையில மட்டும் கசிவு, பசை பூசியாச்சு. கீழ விரிக்கிற தறப்பாளை கூடாரத்தை விட ஒரு சாண் சின்னனா வெட்டு. வெளிய நீட்டிக்கொண்டு நிண்டா மழைத்தண்ணியை ஏந்திக் கொண்டுவந்து உனக்குக் கீழயே விடும். அம்மா சுத்திவரக் கான் வெட்டச் சொல்லுறா. இப்ப போற இடங்களில மண்ணைக் கிண்டிறது சரியில்லை அம்மா, கொஞ்சம் மேடாப் பாத்து அடிப்பம் எண்டு சொல்லியிருக்கிறன். தென்னைக்குக் கீழ அடிக்கக்கூடாது எண்டதில மட்டும் ரெண்டு பேரும் ஒற்றுமை.

அந்தக் கடன் வாங்கின கூடாரத்தின்ர கதையைச் சொல்லாமல் விட்டிட்டன். கழுவிக் காயவைச்சுக் குடுப்பம் எண்டு ரெண்டு நாள் மழையால பையிலயே விட்டன். திறந்தா கறுப்புக் கறுப்பாப் பூஞ்சணம், உள்பூச்சு பலாக்காய்ப் பால் மாதிரிக் கையில ஒட்டுது. பூச்சு முந்தியே ஈரத்தில இத்துக்கொண்டு வந்திருக்கவேணும், ஆனா அதை ஆரிட்டச் சொல்லுறது? கொழும்புக் காத்தில எதையும் மடிச்சு மூடி வைக்கேலாது. புதுக்கூடாரத்தைப் பையில போடாமல், பழைய தலையணை உறையில தளர்வாப் போட்டு அலுமாரிக்கு மேல வைச்சிருக்கிறன். கடன் குடுத்தவருக்கு அதே மாதிரி ஒண்டு வாங்கிக் குடுத்தாச்சு. மனுசி அந்தக் கணக்கை இன்னும் மறக்கேல்லை.

நீங்கள் ஆகஸ்டில வாறியள் எண்டபடியா மேற்குப் பக்கம் வேண்டாம், கித்துள்கலைப் பக்கம் அப்ப தென்மேல் பருவமழை. கிழக்குக்குப் போவம், திருகோணமலைப் பக்கம். காய்ஞ்சு கிடக்கும், ஆனா கச்சான் காத்து மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும். யானை நடமாட்டம் உள்ள காட்டோரம் எனக்கு வேண்டாம். தெரிஞ்ச ஒராளின்ர தென்னந்தோட்டத்தில கேட்டிருக்கிறன், கிணறும் கக்கூசும் இருக்கு, நடுவில மரமில்லாத வெளியும் இருக்கு. உன்ர பிள்ளைகளுக்கு ஒண்டு சொல்லி வை. குளிருக்கு எண்டு கூடாரத்துக்குள்ள அடுப்போ கரியோ கொண்டுபோற பழக்கம் இருந்தா விடச்சொல்லு. அதில வாற காபன்மொனொக்சைட்டு வாயு மணமில்லாமல் ஆளைச் சாகடிச்சுப்போடும். இஞ்ச குளிராது, நுளம்புச்சுருளும் வெளியதான்.

எங்கட வாகன்ஆர் டிக்கியில கூடாரம் வைச்சா வேற ஒண்டும் வைக்கேலாது. உங்கட ஆக்களோட சேத்து ஒரு வான் பிடிக்கவேணும். கூடாரத்துக்குப் பதிலா நீ கொண்டுவாறதெண்டா, மணலில நிக்கிற அகல ஆணி ஒரு பத்து, நல்ல இழுகயிறு கொஞ்சம். இஞ்ச பெட்டியோட வாற ஆணி தலையில குத்துற ஊசி மாதிரி, கடற்கரை மண்ணில நிக்காது.

அம்மா வருவாவோ எண்டு கேட்டாய். போன ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் மாடியில அடிச்சு வைச்சிருந்தன். மூண்டு மணி இருக்கும், ரெண்டு வாசலையும் தானே திறந்து சுருட்டிக் கட்டிப்போட்டு, உள்ள கதிரையைப் போட்டு இருந்தவ. நான் தேத்தண்ணி கொண்டுபோகேக்க கண்ணை மூடிக்கொண்டிருந்தா. நித்திரையோ எண்டு பாத்தன். “காத்து வருது,” எண்டு மட்டும் சொன்னவ. பிறகு இறங்கி வந்து சமையலைப் பாத்தா. வாறன் எண்டும் சொல்லேல்லை, வரேல்லை எண்டும் சொல்லேல்லை. வானில ஒரு இருக்கை கூடச் சொல்லி வைச்சிருக்கிறன்.

ரிக்கற் போட்டவுடன திகதியை எழுது. குரல்பதிவு அனுப்பாதை.

அன்புடன்,
உன்ர வெள்ளவத்தைக்காரன்