சனிக்கிழமைச் சந்திப்பு: பென்சிலோடு வாருங்கள்

நண்பர்களே, ஒரு நாவலில் ஒளிந்திருக்கும் ரகசியச் செய்தியைப் படித்தறிய, வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்குச் சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலக வாசலில் கூடுவோம். பூகிஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம்.

2001இல் வெளிவந்த ‘ஆர்ட்டெமிஸ் ஃபௌல்’ நாவலை எடுத்துவாருங்கள். பக்கங்களின் அடியில் ஓடும் குறிகள் வெறும் அலங்காரம் அல்ல; அவைதான் அந்த ரகசியச் செய்தி. ஒரு குறிக்கு ஓர் ஆங்கில எழுத்து. எந்தக் குறி எத்தனை முறை வருகிறது என்று முதலில் எண்ணுங்கள். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வருவது ‘ஈ’ (E) எழுத்து. ஆகவே மிக அதிகமாக வரும் குறி அதுவாக இருக்கலாம். அங்கிருந்தே பூட்டு திறக்கும். 9ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல் கிந்தி விளக்கிய அதே வழி, எவ்வளவு அழகானது!

விடை இணையத்தில் இருக்கிறது. தயவுசெய்து இங்கே பகிராதீர்கள். சென்ற முறை முதல் சொல்லைத் தானே கண்டுபிடித்த உயர்நிலை ஒன்று மாணவி துள்ளிக் குதித்தாள். அந்த மகிழ்ச்சி மற்றப் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும்.

வருபவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள்.